பின்சீட்டு டேங்க்

சித்த நகந்து உக்காருங்க. கோவிச்சுக்காதீங்க, எனக்கு ஜன்னலோரம் வேணுமுங்க. தடம் கண்ணுக்குத் தெரியலீன்னா எனக்குக் கையுங்காலும் ஒரு நெலையில நிக்காது. ஆமாங்க, தர்மபுரி பஸ்தான். நான் அத்தனை தூரம் வரலீங்க. ஓமலூர் தாண்டி, டோல்கேட்டுக்கு முன்னால ஒரு பெட்ரோல் பங்க் இருக்குதுங்க, அங்க எறங்கிருவன். சேலம் ஸ்டாண்டுல ரெண்டு பஸ் நின்னுச்சு. ஒண்ணு ஊர் ஊரா நின்னு போறது, கண்டக்டர் டீ குடிச்சிட்டிருந்தாரு. இது ஒன் டூ ஒன்னு, ஊர் ஊரா நிக்காது, பொசுக்குன்னு போயிருமுன்னாங்க. ஓடியாந்து ஏறிட்டனுங்க.

மணி என்னங்க? பத்தரையா? பதினொன்னுக்கு அவ அங்க வந்து நிப்பா. எம்பட ஊட்டுக்காரம்மாதானுங்க, சாந்தாமணி. ஒரு கையெழுத்து வாங்கோணும். அவ்வளவுதான் சோலி. ஒத்தைக் கையெழுத்துக்கு பெருந்துறையில இருந்து பஸ்ஸேறி வர வெச்சுப்புட்டா பாருங்க.

இந்தக் கவருல இருக்கறது அந்த ஃபாரந்தானுங்க. கசங்கீரக் கூடாதுன்னு அட்டைக்கு நடுவுல வெச்சிருக்கறன். பூனாவுல பைக்கு வண்டிக்காரங்க கிளப்பு ஒண்ணு. இருவத்துநாலு மணி நேரத்துல ஆயிரத்தி அறநூறு கிலோமீட்டர் ஓட்டோணும். ஒத்தை ஆளு, ஒத்தை வண்டி. கெளம்பறப்ப ஒரு சாட்சி மணி பாத்துக் கையெழுத்துப் போடோணும். திரும்பி வந்தா அதே சாட்சிதான் மறுபடி போடோணும். நடுவுல பெட்ரோல் போட்ட பில்லுக ஆதாரம். எல்லாம் இருக்குதுங்க. இந்தக் கடைசிக் கட்டம் மட்டும் காலி. நாளன்னைக்குள்ள பூனாவுக்குப் போய்ச் சேரோணும், இல்லீன்னா ஓட்டுனது ஓட்டுனதாவே ஆகாது.

எனக்கு அம்பத்தாறு வயசுங்க. சென்னியப்பன்னு பேரு. பால் பண்ணைகளுக்கு ஸ்டீல் டேங்க் வெல்டிங் பண்றதுதான் பொழப்பு. அம்பத்தாறுல எதுக்குடா இந்தக் கூத்துன்னு ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் கேட்டாங்க. எதுக்குன்னு சொல்றது? ஊட்டுல ஒரு நாழி உக்காந்தா எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ அரிக்குமுங்க. சோத்துல உக்காந்தாலும் அடுத்த வேலை எங்க, அடுத்த தடம் எங்கன்னுதான் இருக்கும். வண்டி ஓடிட்டிருந்தாத்தான் எனக்கு நெஞ்சு அடங்கும். அது எம்பட சுபாவம், என்ன பண்றது.

போன வருசம் ஒருக்கா முயற்சி பண்ணுனனுங்க. பெல்காம் தாண்டிப் போய்த் திரும்பி வர்றது. இருவத்தஞ்சு மணி பத்து நிமிசம். போச்சு. ஏன் போச்சுன்னு ஒரு வாரம் உக்காந்து பாத்தன். ஓட்டறதுல கொறையே இல்லீங்க. நிக்கறதுலதான் கொறை. வண்டி டேங்கு பதிமூணு லிட்டர், முன்னூத்தம்பது போனா நிக்கோணும். பங்க்ல நின்னா பெட்ரோலு ரெண்டே நிமிசந்தான். அப்புறம் மூஞ்சி கழுவறது, டீ, எவனாச்சும் வந்து எந்த ஊருங்கன்னு கேக்கறது. இருவது நிமிசம் ஓடிருது. இந்த நிக்கறதை ஒழிச்சுப் போடோணும்னு முடிவு பண்ணுனன்.

அதுக்குத்தானுங்க ரெண்டாவது டேங்கு. வெளிநாட்டுக்காரன் எல்லாம் இப்படித்தான் போறான். பின்னால ஒரு டேங்கு, அதுல இருந்து குழாய், நடுவுல ஒரு வால்வு. முன் டேங்குல பெட்ரோலு எறங்க எறங்க வால்வைத் தொறந்து உட்டா பின்னால இருந்து தானா வந்து சேரும். மேல இருக்கறது கீழ வரும், மோட்டாரெல்லாம் வேண்டீதில்ல. கிளப்புக்காரங்களும் அதை ஒத்துக்கறாங்க. பதினோரு லிட்டர் புடிக்கற மாதிரி ஸ்டீல்ல பண்ணுனன். உள்ள மூணு தடுப்புத் தகடு. இல்லீன்னா வளைவுல சாயறப்ப பெட்ரோலு ஒரு பக்கமா அடிச்சு வண்டியைத் தள்ளி உட்ரும். வெல்டிங்கு தையல் போட்ட மாதிரி இருக்குமுங்க. நீங்க பாக்கோணும்.

எங்க வெச்சனா? பின்சீட்டைக் கழட்டிட்டு அந்த எடத்துலதானுங்க. வேற எங்க வெக்கறது? கனம் நடுவுல இருக்கோணும், உயரமா இருக்கோணும். அந்த எடம் அதுக்குன்னே பண்ணி வெச்ச மாதிரி இருந்துச்சு.

அவ வந்து பாத்தா. நான் எங்கீங்க உக்கார்றதுன்னு கேட்டா. ஒரு மாசந்தான புள்ள, ஓட்டி முடிச்சாக் கழட்டிருவன்னன். சீட்டைத் தூக்கிப் பரணுல வெக்கச் சொன்னன். அவ அதைத் துணியில தொடச்சு, ஒரு பழைய வேட்டியில சுத்தி வெச்சா. அது ஆச்சுங்க அஞ்சு மாசம்.

இந்த பஸ்ஸு நல்லா ஓட்டறானுங்க. கருப்பூர் வந்திருச்சு பாருங்க.

ஒண்ணு சொல்றன், சிரிக்கப்படாது. டேங்கைப் பூட்டி மொதல் நாளு சித்தோடு வரைக்கும் ஓட்டிப் பாத்தனுங்க. முன் டேங்குல கொஞ்சமா உட்டு, பின் டேங்கு ரொம்ப நெறைச்சு, வால்வைத் தொறந்து உட்டன். கொஞ்ச தூரம் போச்சு, முக்கி முனகி நின்னு போச்சு. பின்னால பதினோரு லிட்டர் தளும்புது, முன்னால ஒரு சொட்டு வரலீங்க. குழாயை உருவிப் பாத்தன், ஊதிப் பாத்தன், வால்வை மாத்திப் பாத்தன். மூணு நாளு. முப்பது வருசமா டேங்கு பண்றவனுக்குப் பித்துப் புடிக்காத கொறை. இவ காப்பி கொண்டாந்து வெச்சிட்டு நின்னுட்டிருந்தா. மெதுவாச் சொன்னா, “எண்ணெ டின்னுல ரெண்டு ஓட்டை போடுவமல்லங்க? ஒண்ணு போட்டா வராதுங்களே.”

அட எம்பட கெரகமே. மூடியை இறுக்கமாப் பண்ணுனன் பாருங்க, காத்து உள்ள போக ஓட்டையே உடலீங்க. மூடியைத் திருகுனன், உஸ்ஸுன்னு காத்தை இழுத்துச்சு, கடகடன்னு பெட்ரோலு எறங்குது. பால் டேங்குக்கெல்லாம் மூச்சுக்குழல் வெக்காம நான் உட்டதே இல்ல. சொந்த வண்டிக்கு மறந்துட்டன். அவசரம். அவகிட்ட காப்பி ஆறிப்போச்சுன்னு மட்டும் சொன்னன்.

புத்தியில அவ என்னைய விட மேலுங்க, அதைச் சொல்லியாகோணும். எம்பட மக கண்ணாலத்துக்கு முந்தியே வேலைக்குன்னு போனவ, ஓசூர் தாண்டிக் குடியிருக்கறா, பெங்களூர்ப் பக்கம். ஆறு வருசமா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு பேரும் வண்டியிலதான் போய் வருவம். ஊட்டுல நெறைச்சுக் கெளம்புனா, போய்த் திரும்பி வாறப்ப, சரியா இந்த ஓமலூர்ப் பங்க்குக்கிட்ட வந்தாத்தான் ரிசர்வ்ல உழுகும். எழுதி வெச்ச மாதிரி. அங்க ஒரு புங்கமரம், அதுக்கடியில சிமெண்டு பெஞ்சு. எறங்குனதும் அவ அதுல உக்காந்துக்குவா. தூக்குப்போசியில திங்க ஏதாச்சும் வெச்சிருப்பா. நான் பெட்ரோலு போட்டுட்டு வந்து கெளம்பலாமாம்பன். சித்த இருங்கம்பா. அப்புறம் பேசுவா. மகளுக்கு அந்தப் பையனைப் பாக்கலாமான்னு கேட்டது அந்த பெஞ்சுலதானுங்க. தோட்டத்தை விக்க வேண்டாமுன்னு அழுததும் அங்கதான். ஊட்டுல பேச மாட்டியான்னு கேட்டா, ஊட்டுல நீங்க எங்க இருக்கறீங்கம்பா. பெட்ரோலு ரெண்டு நிமிசம், இவ பேச்சு இருவது நிமிசம். எனக்குக் காலு தரையில பாவாது. வண்டிச் சாவியைச் சுத்திக்கிட்டே நிப்பன்.

டேங்கு வெச்சப்புறம் மக ஊட்டுக்கு நான் ஒத்தையில ரெண்டு தரம் போய் வந்தனுங்க. எங்கியும் நிக்கல. அப்பா, என்ன சொகம்.

சரி, விசயத்துக்கு வர்றன். ஒரு சனிக்கிழமை பொழுதோட நாலு மணிக்குக் கெளம்புனன். அவதான் சாட்சி. மணி பாத்துக் கையெழுத்துப் போட்டா. போடறப்ப, நாளைக்கு மத்தியானம் ஓமலூர் தாண்டுவீங்களான்னு கேட்டா. ஒன்னரை ரெண்டு மணிக்குத் தாண்டுவன், ஆனா நிக்க மாட்டன், அதான் டேங்கு இருக்குதல்லன்னன்.  ஃபோனு அடிச்சா கவனம் செதறுமுன்னு சத்தத்தை அமுத்தி வெச்சிட்டன்.

ஓட்டுனனுங்க. அதைச் சொல்ல வார்த்தையில்ல. போறப்ப தும்கூர்ல ஒரு பில்லு, பெல்காம் தாண்டித் திருப்புன எடத்துல ஒரு பில்லு, வாறப்ப மறுபடி தும்கூர்ல ஒரு பில்லு. மத்தபடி டயரு நிக்கவே இல்ல. தர்மபுரி தாண்டிக் கணவாய் எறங்கறப்ப ஞாயித்துக்கிழமை ஒன்னே முக்கா. கையில நேரம் மிச்சம். எனக்கு வண்டியிலயே பாடோணும் போல இருந்துச்சு.

டோல்கேட்டு தாண்டுனா எடது பக்கம் அந்த பங்க். ஒரு மஞ்சச் சீலை தெரிஞ்சுதுங்க. ரோட்டோரமா வந்து நின்னு கையைத் தூக்குன மாதிரி. பங்க்காரங்க வண்டிகளுக்குக் கை காட்டுவாங்கல்ல, அப்படித்தான் இருக்குமுன்னு நெனச்சன். தொண்ணூறுல போறவன் யாரு எவருன்னு பாத்துட்டு இருக்க முடியுமா?

ஊட்டுக்கு வந்தா மணி மூணு இருவது. நாப்பது நிமிசம் மிச்சம் புடிச்சிட்டனுங்க. ஊடு பூட்டிக் கெடக்குது. சாவி பக்கத்து ஊட்டுல. ஃபாரத்தைக் கையில வெச்சிக்கிட்டுப் பட்டறைப் படியில உக்காந்திருக்கறன். மூணே முக்கா. நாலு. நாலு அடிச்சுது, அவ வரல. ஃபோனைத் தொறந்தா பதினேழு தரம் கூப்புட்டிருக்கறா.

ஓமலூர்ல கொழுந்தியா இருக்கறா, அவளோட தங்கச்சி. அவளுக்கு அடிச்சன். அக்கா படுத்திருக்கறா, பேச மாட்டாளாமுன்னுட்டா. அப்புறம் அவளே சொல்லி அழறா. பதினொரு மணியில இருந்து அந்த பெஞ்சுலயே உக்காந்திருந்தாளாம். தூக்குப்போசியில தயிர்ச்சோறு. எம்பட சத்தம் அவளுக்குத் தெரியுமல்லங்க, வண்டிச் சத்தம். கேட்டதும் எந்திரிச்சு ரோட்டுக்கு ஓடியாந்தாளாம். நான் போனப்புறமும் ஒரு மணி நேரம் அங்கியே நின்னாளாம், திரும்பி வந்தாலும் வருவாருன்னு.

எதுக்கு அங்க போய் நின்னா, ஊட்டுக்குத்தான் வர்றனேன்னு கேட்டன். கையில ஆஸ்பத்திரி ஃபைல் வெச்சிருந்தா மாமா, அதுக்கு மேல அவளே சொல்லுவான்னு ஃபோனை வெச்சிட்டா. ஆமாங்க, ரெண்டு மாசத்துல மூணு தரம் தங்கச்சியோட சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தா. பொம்பளைக சமாச்சாரம், நமக்கென்ன தெரியும்? அதுக்கெல்லாம் முந்தி ஒரு நாளு, எனக்கொரு கட்டி இருக்குதுங்கன்னு சொன்னா. அன்னைக்குத்தான் தடுப்புத் தகடு வெல்டு பண்ணிட்டு இருந்தன். பாத்துக்க புள்ளன்னனுங்க. பாத்துக்கன்னு சொன்னனல்லங்க? சொல்லாம இல்ல.

அப்புறம் தெனமும் ஃபோனு. எடுக்க மாட்டா. கூட்டியாறலாமுன்னு வண்டியை எடுத்துக்கிட்டு ஒருக்கா கெளம்புனன். எந்த மூஞ்சியோட போறதுன்னு பவானி தாண்டித் திரும்பிட்டன். பன்னெண்டு நாளாச்சுங்க. நேத்து அவளே கூப்புட்டா. நான் எடுத்ததும் ஃபாரத்தைப் பத்தித்தான் கேட்டன், என்ன பண்றது, நாளு நெருங்குது. அவ அமைதியாச் சொன்னா, “போடறனுங்க. அந்த பெஞ்சுக்கு வாங்க, போடறன். மொதல்ல நான் சொல்றதைக் கேக்கோணும். வண்டியில வராதீங்க. வண்டியில வந்தா நீங்க நிக்க மாட்டீங்க.”

என்னங்க விரல்ல எண்ணிப் பாக்கறீங்க? நாப்பதுல இருவது போனா இருவதுன்னா? நின்னிருந்தாலும் இருவது நிமிசம் மிச்சமிருந்திருக்குமுன்னு எனக்கும் தெரியுமுங்க. பன்னெண்டு நாளா ராத்திரியும் பகலும் அதைத்தான் எண்ணிட்டிருக்கறன்.

பொய் சொல்லப்படாதுங்க. நீங்க யாரோ எவரோ, உங்ககிட்டச் சொன்னா என்ன. பங்க்காரின்னு நெனச்சன்னு சொன்னனல்ல, அது சும்மா. அந்த மஞ்சச் சீலை மக கண்ணாலத்துக்கு நான் எடுத்துக் கொடுத்தது. தூரத்துலயே தெரிஞ்சுபோச்சு. பிரேக்குல காலு வெச்சன்கூட. அமுத்தல. நிக்காம வந்தன்னு ஒரு தரமாச்சும் இருக்கட்டுமேன்னு தோணுச்சு. ஊட்டுக்குத்தான வருவா, அங்க பேசிக்கலாமுன்னு போயிட்டனுங்க. கண்ணாடியில பாத்தன். கையைத் தூக்குனது தூக்குனபடியே நின்னுட்டிருந்தா.

யாருகிட்டயும் இதைச் சொல்லலீங்க. அவகிட்டயும் சொல்லப் போறதில்ல. இல்ல, சொல்லோணுமோ? தெரியல. அந்த ஃபைலுல என்னமோ இருக்குதுங்க. ஒண்ணுமில்லீன்னா தங்கச்சி அப்படி அழ மாட்டா. எனக்குப் பயமா இருக்குதுங்க.  வெரசாப் போய் என்னன்னு கேட்டரோணும்.

இது ஓமலூருதான? ஸ்டாண்டுக்குள்ள போகலயா? மேம்பாலத்துல ஏறிட்டான். பரவால்ல, இன்னும் நாலஞ்சு கிலோமீட்டரு. நான் எந்திரிச்சுக் கதவுக்கிட்டப் போயிக்கறன். கண்டக்டர், அந்த பங்க்குக்கிட்ட ஒருத்தர் எறங்கோணும். என்னது? தர்மபுரிதானா? டிக்கெட்டு தர்மபுரிக்குத்தான் கிழிச்சிருக்கறீங்களா? நான் எங்கன்னு நீங்க கேக்கவே இல்லியே. ஒன் டூ ஒன்னுன்னா ஒரு நிமிசங்கூடவா நிக்காது?

நிக்காதுன்னு சொல்லித்தான நானும் ஏறுனன். ஆமாங்க. நானேதான் ஓடியாந்து ஏறுனன்.

அதா அதா, அந்தப் பக்கம் பாருங்க. புங்கமரம் தெரியுதுங்களா? பெஞ்சு. உக்காந்திருக்கறா. மஞ்சச் சீலை இல்ல, ஊதா. மடியில பையி. சாந்தா! ஏய் சாந்தா! கேக்காதுங்க, நடுவுல ரோடு. டிரைவரண்ணா, ஒரு நிமிசமுங்க, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறன். போச்சு. தாண்டியாச்சு.

அவ இந்தப் பக்கம் பாத்தாளா? நீங்க பாத்தீங்களா? இல்ல. சேலத்துல இருந்து வாற பஸ்ஸுன்னு தெரியும், ஆனா இது நிக்காத பஸ்ஸுன்னும் தெரியுமல்ல. நிக்காத பஸ்ஸை அவ எதுக்குப் பாக்கறா. பின்னால ஊர் ஊரா நின்னு வருமே, அதைத்தான் பாத்துட்டிருப்பா. அதுல ஏறியிருந்தா எறங்கியிருப்பனுங்க.

என்னங்க? டோல்கேட்டுல வரிசை நிக்குதா? அங்க எறக்கி உடறன்னு சொல்றாரா? நல்லா இருக்கோணும் கண்டக்டரு. எத்தனை தூரம் திரும்பி வரோணும்? ரெண்டு கிலோமீட்டருன்னா நடந்தா அரை மணி. நடக்கறனுங்க. பதினொன்னரை ஆயிரும். அன்னைக்கு மூணு மணி நேரம் உக்காந்திருந்தவ இன்னைக்கு அரை மணி இருக்க மாட்டாளா? இருப்பா. இருப்பாளல்லங்க?

கவரா? சீட்டுலயே வெச்சிட்டனா? கொண்டாங்க. இல்ல, வேண்டாமுங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். குப்பையில போட்டாலும் சரி. இதைக் கையில பாத்தா, இதுக்குத்தான் வந்தன்னு நெனச்சுக்குவா. அவ ஃபைலை நீட்டுனா வாங்கறதுக்குக் கையி சும்மா இருக்கோணுமுங்க.

வழி உடுங்க, சித்த வழி உடுங்க. கண்டக்டர், இன்னும் உருண்டுட்டே இருக்குதுங்களே. டிரைவர்கிட்டச் சொல்லுங்க. மெதுவாப் போனாப் பத்தாதுங்க, முழுசா நிறுத்தோணும்.